தட்டு பறக்கையில் கண் மூடாமல்

2-2-2025, ஞாயிறு
இன்று துப்பாக்கி சுட்டேன். பத்துத் தட்டு பறந்தது. ஒன்றுகூட உடையவில்லை.

ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் திருக்கழுக்குன்றம் ரோட்டுத் துப்பாக்கி கிளப் மைதானத்துக்கு இளநீர் இறக்குகிறேன். மெஷின் ஒன்று டீ சாஸர் அளவு ஆரஞ்சுத் தட்டை வானத்தில் வீசும். விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். பார்த்துப் பார்த்துக் கை துறுதுறுத்தது. கோச் பிரிசில்லாவைக் கேட்டேன், என் மகள் வயசுதான் இருக்கும். "வாங்க ஆன்ட்டி, புது பேட்ச் இன்னைக்குத்தான் ஆரம்பம்" என்றாள்.

நாலு ஞாயிறு வகுப்பு, ஐந்தாம் ஞாயிறு டெஸ்ட். இருபத்தைந்தில் பத்து உடைத்தால் மெம்பர். இல்லாவிட்டால் வெளியே.

"எளநி அம்மாவுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று செகரெட்டரி ராஜாராம் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னார்.

பத்து உடைக்கணும்.

3-2, திங்கள்
துப்பாக்கி உதைத்த வலது தோள்பட்டை கன்றிப்போய் நீலம். வீட்டுக்காரர் குமாரிடம் மறைக்க முடியவில்லை. "இன்னாமே, காக்கா சுடப் போறியா? பொள்ளாச்சி எளநி லோடு வந்துகினு கீது, யாரு எறக்கறது?" என்றார்.

நான்தான் இறக்கினேன். இடது தோளில்.

9-2, ஞாயிறு
ஒன்று உடைந்தது! தூளாகிவிட்டது என்றார்கள். மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது — அதற்காக இல்லை, நான் போட்ட சத்தத்துக்கு. தட்டை வீச, 'புல்', அதாவது 'இழு' என்று இங்கிலீஷில் குரல் கொடுக்க வேண்டும். மகாபலிபுரத்தில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி வியாபாரம் பார்த்த தொண்டை இது.

"ஆன்ட்டி, மெஷின் இங்கதான் இருக்கு, கல்பாக்கத்துல இல்ல" என்றாள் பிரிசில்லா.

16-2, ஞாயிறு
பூஜ்யம். போன வாரம் உடைந்தது குருட்டாம்போக்கு. நேராகத்தானே பிடிக்கிறேன்? தட்டு கூடவேதானே குழலை ஓட்டுகிறேன்? அப்புறம் இன்னா கேடு?

பிரிசில்லா என்னிடம் சொல்லாமல் காலித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தாள். விசையை இழுத்தேன். சத்தமே இல்லை. "இப்பக் கண்ணைத் திறங்க ஆன்ட்டி" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, மூடியிருந்தேன்.

"சத்தத்துக்குப் பயமா?"

பயமா? எனக்கா? தள்ளுவண்டியில் ஆரம்பித்து ஈ.சி.ஆரில் பதினோரு ரிசார்ட்டுக்கு இளநீர் சப்ளை பிடித்தவளுக்கா? திரும்பி வரும்போது வண்டியில் உட்கார்ந்து யோசித்தேன். அரிவாள் இறங்கும்போது இளநீர் கண்ணில் தெறிக்கும், மட்டைத் தூள் பறக்கும். கை இறங்கினால் கண் மூடும். இருபது வருஷத்துப் பழக்கம் விரலுக்கும் ஏறிவிட்டது.

17-2, திங்கள்
குமாரிடம் சொன்னேன். என் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தினி வருசமா கண்ண மூடிகினா வெட்ன? கை ரெண்டும் கீதே, அதுவே பெருசு."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு அவரே ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தார். நான் வெட்ட வெட்ட என் கண்ணையே பார்த்தார். "மூடிட்ட." "மூடிட்ட." "தோ, மறுபடியும்."

பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனுஷன் என்னை இப்படிப் பார்க்கவில்லை.

20-2, வியாழன்
கண் ரெண்டும் சிவந்து எரிச்சல். இன்று ஒரு தடவை "மூடல" என்றார். ஒரே ஒரு தடவை.

23-2, ஞாயிறு
ஆறு. உடைவதை இன்றுதான் கண்ணால் பார்த்தேன். நடுவானத்தில் கறுப்பாக ஒரு புகை, அவ்வளவுதான். எத்தனை அழகு! அன்றைக்கு உடைத்ததை நான் பார்க்கவே இல்லையே.

2-3, ஞாயிறு
டெஸ்ட். முதல் ஏழில் ஒன்றுதான். வேலிக்கு வெளியே லோடு ஆட்டோவில் சாய்ந்துகொண்டு குமார். கடையை யார் பார்க்கிறார்கள் என்று கோபம்தான் வந்தது.

அடுத்தது உடைந்தது. "மூடல!" என்று வேலிப் பக்கமிருந்து ஒரு கத்தல். எல்லோரும் திரும்பினார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து என் கண் அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் கத்தினார்.

பதினொன்று. பிரிசில்லா கட்டிப்பிடித்துக்கொண்டாள், துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டுத்தான்.

ராஜாராம் ஃபாரத்தோடு வந்தார். "உங்களுக்கு மாசச் சந்தா வேணாம்மா. கமிட்டிக்காரங்க குடிக்கிற எளநிக்கு மட்டும் பில் போடாதீங்க, சரியாப் போயிடும்" என்றார்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். எனக்குத்தான் லாபம். லாபத்தை வேண்டாமென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் இளநீர் கொடுத்து உள்ளே போனால் அங்கே நான் காலத்துக்கும் எளநி அம்மாதான். மெம்பர் ரேணுகா ஆக முடியாது.

"அது வேற, இது வேற சார்" என்றேன். பேசி முடித்தது இதுதான்: சந்தா மாசம் ஐயாயிரம், மற்றவர்களைப் போலவே முழுசாக நான் கட்டுவேன். இளநீர் ஒன்று நாற்பத்தைந்து, கமிட்டிக்கும் அதே விலை. அன்றன்றைக்கு ரொக்கம்.