கெட்ட இரத்தம்

ஒஸ்லோ

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி? என் பன்னிரண்டு நாள் பிள்ளை சுகம், நானும் சுகம். போனில் கதைத்தால் என் குரலைக் கேட்டே பயந்துவிடுவீர்கள். அதனால் எங்கள் ஊர் சுன்னாகத்துக்கு வரும் வேலையிடத்துத் தோழியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நேற்றிலிருந்து இரத்தப்போக்கு கூடிவிட்டது. "டொக்டரைக் கூப்பிடட்டோ?" என்று இவர் பதறினார். "வேண்டாமப்பா, பிள்ளை பெத்த உடம்பிலை கெட்ட இரத்தம் போனால்தான் நல்லது எண்டு அம்மா சொன்னவ" என்று சிரித்து, வேலைக்கு அனுப்பிவிட்டேன். பிள்ளை பெத்தவளுக்கென்று நீங்கள் இடித்து அனுப்பிய சரக்குத்தூளில்தான் இன்றும் கறி.

வெளியே நல்ல வெயில். எனக்குக் குளிருகிறது.

தோழி திரும்பும்போது பழைய வேட்டிகளைக் கிழித்துக் கொடுத்துவிடுங்கள். இங்கே இருந்த துணியெல்லாம் நனைந்து முடிந்துவிட்டது.

பிள்ளை அழுகிறது. கட்டில் சுற்றுவது நின்றதும் எழும்பித் தூக்கவேண்டும்.

உங்கள் மகள்,
தர்சிகா