மெஷினை அணைக்காதீங்க

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

அந்தப் பழைய ஸ்டிக்கர் வெட்டும் மெஷினைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் அம்மா வீட்டிலிருந்து நீ போனில் சொன்னது சரிதான். உருளை தேய்ந்துவிட்டது, உதிரி பாகமும் கிடைக்காதாம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அதற்குள் விற்கிற அம்மா, "ஏதாவது ஒரு பேரு சொல்லுங்க, வெட்டிக் காட்டறேன்" என்றார். நம் கடைப் பெயரைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது பாப்பாவின் பெயர்.

கத்தி ஒவ்வோர் எழுத்தாக வளைந்து வளைந்து போனது. இத்தனை நாளாக நாம் இருவரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர், மஞ்சள் ஸ்டிக்கரில் பளிச்சென்று கிடந்தது.

"உங்க பொண்ணா? என்ன படிக்குது?"

"மூணாவது" என்றேன். இருந்திருந்தால் மூன்றாவதுதானே.

அவர் சிரித்துக்கொண்டே சுவிட்சுக்குக் கையை நீட்டினார். "அணைச்சா பேரு மெஷின்லேர்ந்து அழிஞ்சிடும். இன்னொண்ணு வேணும்னா இப்பவே எடுத்துக்குங்க."

"அணைக்காதீங்கம்மா. மெஷினை நானே வாங்கிக்கறேன்."

வாங்கிவிட்டேன். அது இன்னும் அங்கேயே, அணைக்காமல்தான் இருக்கிறது. வண்டியில் ஏற்றுவதென்றால் அணைத்தாக வேண்டும். நீ கிளம்பி வா. தனியாக என்னால் அது முடியாது.

இப்படிக்கு,
பாப்பாவோட அப்பா