மூன்று பெடல், இரண்டு முட்டிக் கம்பி

என் அன்பு மாப்பிள்ளை அருளப்பனுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் உயிரோடு இருந்தபோது எழுதத் தேவை வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் தங்கை வீட்டுக்காரருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? உங்கள் வருட நினைவுப் பூசை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. பங்கு இதழுக்கு உங்களைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். உங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உங்களுக்கே எழுதினால் ஓடும் என்று தோன்றியது. இது முறைதானா என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களும் படிப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் முடிக்காமல் விட்ட வழக்கு ஒன்று முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு எத்தனை பெடல் வேண்டும், எத்தனை முட்டிக் கம்பி வேண்டும்?

படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மடியில் கிடத்தி, தந்திகள்மேல் ஓர் உருளையை நகர்த்தி வாசிக்கும் கிட்டாரை நம் கோயிலில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்கே நான்கு கால் முளைத்தது போன்றது பெடல் ஸ்டீல். பத்துத் தந்திகள். கீழே இடது காலால் மிதிக்கப் பெடல்கள். பலகைக்கு அடியில் முட்டியால் தள்ளும் கம்பிகள் தொங்கும். ஒரு பெடலை மிதித்தால் சில தந்திகள் மட்டும் சுருதி ஏறும். ஒரு கம்பியைத் தள்ளினால் வேறு சில தந்திகள் இறங்கும். கையிலுள்ள உருளை இருந்த இடத்திலேயே இருக்க, ஸ்வரம் மட்டும் நழுவும். அந்த நழுவலை ஒருநாள் போனில் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் இதற்கு ஆசைப்பட்டீர்கள்.

வாங்க முடியாது, செய்துவிடலாம் என்றீர்கள். தொழிற்பேட்டையில் உங்கள் பீங்கான் கொட்டகையில்தான் அது உருவானது. ஒரு பக்கம் சூளைக்குப் போகவேண்டிய பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும், மறுபக்கம் கிட்டாரின் பலகை கிடக்கும். பெடலை மிதித்ததும் தந்தியை இழுக்கும் கம்பிகளுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ். கால்களும் பெடல்களும் பெண்ணாடம் ரோட்டு லேத்துப் பட்டறையில் கடைந்தவை. வரைபடம் என்னுடையது. கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன தெரியும்? வரைந்து வரைந்து அழித்தேன். ஒவ்வொரு தாளையும் உங்களிடம் நீட்டும்போது தப்பாக இருக்குமோ என்ற பயம்தான் எனக்கு.

பெடல் மூன்று என்பதில் நமக்குள் சண்டை இல்லை. முட்டிக் கம்பியில்தான் வந்தது. ஒன்று போதும் என்றீர்கள் நீங்கள், இடது முட்டியை உள்பக்கமாகத் தள்ளுவது. நான் நான்கு என்றேன். இடது முட்டிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வலது முட்டிக்கும் அப்படியே. நான்கும் இல்லாவிட்டால் சில ஸ்வரக் கூட்டுகள் கிடைக்காது என்று கட்டம் போட்டுக் காட்டினேன். நீங்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மச்சான், எனக்கு ஆண்டவரு குடுத்தது ரெண்டே முட்டி. நீங்க போட்டிருக்கறத பாத்தா எட்டுக்கால் பூச்சிக்குத்தான் வாசிக்க வரும்போல இருக்குது" என்றீர்கள். கொட்டகையில் வேலை செய்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியில் என் முகத்துக்காக நான்கையும் பொருத்தினீர்கள். ஆனால் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ஒன்றைத்தான் தொடுகிறேன், மற்ற மூன்றும் ஒட்டடை சேரத்தான் என்று. நீங்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று எனக்கும் பட்டது. வாசிக்கிறவருக்குத் தெரியாதது வரைகிறவனுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் போன பிறகு தங்கை பிலோமி கிட்டார்மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தி வைத்திருந்தாள். வருடப் பூசைக்குச் சில மாதம் இருக்கும்போது பாடகர் குழுவை நடத்தும் ஸ்டீபன் தம்பி வீட்டுக்கு வந்தார். நீங்கள் மெட்டமைத்த நன்றிப் பாட்டை அன்றைக்குப் பாட வேண்டும் என்றார். நல்லதுதானே என்றோம். "கிட்டாருக்குக் கவலப்படாதீங்க அக்கா. கீபோர்டுலயே அந்தச் சத்தம் இருக்குது. ஒரு பட்டன அழுத்தினா போதும்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

பிலோமி அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். "ஒரு பட்டன்ல வர்றதுக்கா அந்த மனுசன் இத்தினி வருசம் காலையும் கையையும் ஆட்டிக்கிட்டு கெடந்தாரு? நான் வாசிக்கறேன் தம்பி" என்றாள்.

மடிக் கிட்டாரை நீங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது எனக்குத் தெரியும். அதை வீட்டுக்கு வெளியே அவள் வாசித்ததில்லை. ஸ்டீபன் மறுக்கவில்லை. பக்கத்தில் கீபோர்டைத் தயாராக வைத்துக்கொள்கிறேன், எங்காவது நின்றுபோனால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஊரே பார்க்கும் பூசையில் என் தங்கை பாதியில் நின்று, கீபோர்டு ஆரம்பித்துவிட்டால், அப்புறம் அவள் இந்த வாத்தியத்தைத் தொடமாட்டாள். கோயிலுக்குள்ளும் அது திரும்ப வராது.

இரும்பு உருளை அவளுக்குக் கனம். நீங்கள் சூளையில் சுட்டு வைத்திருந்த பீங்கான் உருளையை எடுத்துக்கொண்டாள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வலது கால் மிதியை வேண்டாம் என்றுவிட்டாள். பெடல் மூன்றும் சீக்கிரமே அவள் காலுக்குப் பழகிவிட்டன. பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இத எனக்கு ஏத்த மாதிரி பண்ணிக் குடுங்க. முட்டிய அகட்டு அகட்டுங்குது. சேல கட்டிக்கினு எப்பிடி அகட்டறது? கொசுவம் வேற கம்பில மாட்டிக்குது" என்றாள்.

மாப்பிள்ளை, இவ்வளவு வருஷத்தில் இது நம் இருவருக்கும் தோன்றவே இல்லையே. நீங்கள் பேண்ட் போட்டுக்கொண்டு வாசித்தீர்கள், நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். புடவை கட்டி ஒருவர் அதன் முன் உட்காரக்கூடும் என்று ஒரு தாளிலும் இல்லை. சுடிதார் போட்டுக்கொள்ளலாமே என்று ஸ்டீபன் சொன்னபோது, அவர் பூசைக்கு நான் புடவைதான் கட்டுவேன் என்று முடித்துவிட்டாள்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் தொடுவதாகச் சொன்ன அந்த ஒரு கம்பி உள்பக்கம் தள்ளுவது. புடவைக்கு அது இடைஞ்சல் இல்லை. மற்ற மூன்றையும் கழற்றினேன். கழற்றும்போது கொஞ்சம் வலித்தது, ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. வழக்கில் நீங்கள் ஜெயித்துவிட்டதாக ஒப்புக்கொண்டு கம்பிகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன்.

அன்று மாலையே அவள் பாட்டை முழுதாக வாசித்துப் பார்த்தாள். கடைசிச் சரணத்தின் கடைசி வரியில் நிறுத்தினாள். திரும்ப ஆரம்பித்தாள். அதே இடத்தில் திரும்ப நிறுத்தினாள்.

"இங்க ஒண்ணு கொறையுதுண்ணே."

மூன்றாவது பெடலாக இருக்கும் என்றேன். மிதித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பெடல் ஏற்றுகிறது, அவர் வாசிக்கும்போது இந்த இடத்தில் இறங்கும் என்றாள். அவர் ஒரு கம்பியைத் தவிர எதையும் தொட்டதில்லையே என்று நான் சொன்னேன்.

தெருவில் கரும்பு டிராக்டர் ஒன்று போனது. அது போகும்வரை முந்தானையால் பீங்கான் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு சொன்னாரு, நீங்களும் நம்பிட்டீங்க. கோயில்ல அவருக்கு வலது பக்கம் பாட்டுத் தாள புடிச்சிக்கினு நான்தான உக்காந்திருப்பேன். இந்த வரி வந்தா அவரு வலது முட்டி வெளிய வந்து என் முட்டில இடிக்கும். வாராவாரம் இடிக்கும். நான் நவுந்து உக்காந்ததே இல்ல."

தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து உள்ளே போனேன். பிறகு பரணிலிருந்து அந்தப் பொட்டலத்தை இறக்கினேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை, மாப்பிள்ளை? வழக்கை ஒரு கம்பி வித்தியாசத்தில் தோற்றதாக ஒத்துக்கொள்ள மனம் வரவில்லையா? அல்லது அந்த இடி உங்கள் இருவருக்குள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களா? இரண்டாவதாக இருந்தால், அதை இப்படி அச்சில் எழுதுவது சரிதானா? பிலோமியிடம் கேட்டேன். எழுதுங்க, அவரு இப்ப வந்து சண்ட போடவா போறாரு என்றாள்.

வலது கம்பியைத் திரும்பப் போட்டாலும் அது வெளிப்பக்கம்தான் போகும். அதனால் அதைப் படுக்கவைத்தேன். முட்டியைப் பக்கவாட்டில் அகட்டாமல், லேசாக மேலே தூக்கினால் போதும். லேத்துப் பட்டறையில் ஒரு கீல் மட்டும் புதிதாகச் செய்துகொண்டேன். முதல் இரண்டு தடவை ஸ்வரம் தேவைக்கு மேல் இறங்கியது. மூன்றாம் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சரியாக இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பூசை அன்று பாட்டுத் தாளைப் பிடிக்க நான்தான் வலது பக்கம் உட்கார்ந்தேன். ஸ்டீபன் கீபோர்டின்மேல் விரல்களை வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சரணத்தில் ஓரிடத்தில் பிசிறியது, அவள் நிற்கவில்லை. கடைசி வரி வந்தது. புடவைக்கு உள்ளே முட்டி எழுந்தது பக்கத்திலிருந்த எனக்கே தெரியவில்லை. ஸ்வரம் மட்டும் இறங்கியது, நீங்கள் இறக்குவது போலவே. ஸ்டீபன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கம்பி இப்போது மேலேதான் போகும், பக்கத்தில் இருப்பவரை இடிக்காது. எனக்கு அது தெரியும். நான் வரைந்ததுதானே. ஆனாலும் அந்த வரி வந்ததும் நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும், அந்தக் கடைசி வரி கீபோர்டில் வராது என்று ஸ்டீபன் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பிலோமி சரி என்றிருக்கிறாள்.

ஆகவே மூன்று பெடல், இரண்டு முட்டிக் கம்பி. நீங்கள் சொன்ன ஒன்றும் இல்லை, நான் சொன்ன நான்கும் இல்லை. மிச்சம் இரண்டு கம்பிகள் பரணிலேயே இருக்கட்டும், அவற்றை இனி எடுக்கமாட்டேன். கீலுக்கு எண்ணெய் போடுவதை மறக்கமாட்டேன். என் கை நடுங்காமல் இருக்கும்வரை, நடுங்கினாலும்கூட, வாராவாரம் தாள் பிடிக்க நான் போவேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் நகர்ந்து உங்களுக்கு இடம் விடுவேன்.

உங்கள் பிலோமியின் அண்ணன்,
உங்கள் மச்சான்,
இன்னாசிமுத்து
விருத்தாசலம்