மீதி நான்கு மாத்திரை

பாப்பாவின் அப்பாவுக்கு,

மிளகு பறித்துக் காயவைத்துவிட்டேன். கோழிகள் நன்றாக இருக்கின்றன.

பாப்பாவின் காரியம் முடிந்து போர்வெல் லாரி வேலைக்குத் திரும்பிய பிறகு, அவளுக்கு ஏன் ஊசி மருந்தும் பலிக்கவில்லை என்று போனில் கேட்டீர்கள். போனை வைத்துவிட்டேன். எழுதினால் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது.

ஆடியில் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தபோது டாக்டர் ஏழு நாளைக்கு ஏழு மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாளே ஓடியாடி விளையாடினாள். பஸ் ஏறிப் போய் வாங்கிய மருந்து ஆயிற்றே என்று மீதி நான்கை மஞ்சள் டப்பாவில் எடுத்து வைத்தேன். பக்கத்து வீட்டுப் பாவாயியும் நானும் எப்போதும் அப்படித்தான். அவள் வீட்டில் மிஞ்சியதை நம் பாப்பாவுக்கு எத்தனையோ முறை கொடுத்திருக்கிறேன்.

மார்கழியில் காய்ச்சலோடு கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"மருந்தப் பாதியில நிறுத்துனா, அதைத் தாங்குற கிருமி மட்டும் கொடல்ல மிஞ்சிருதுங்க. தாங்குற வித்தை கிருமிக்குள்ள பிளாஸ்மிட்னு ஒரு சின்ன வளையத்துல இருக்குது. அதை நகலெடுத்துப் பக்கத்துக் கிருமிக்கும் குடுத்துரும். அதுதான் ரத்தத்துல ஏறிருச்சு, ஊசி மருந்தையும் தாங்குது."

நான் தலையாட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

நேற்று பாவாயி வந்தாள். "பையனுக்குக் காச்சலுங்க அக்கா. மீதி மாத்திர கெடக்குதுங்களா?"

என் கை தானாக டப்பாவைத் திறந்துவிட்டது. பிறகு மூடினேன்.

"இல்ல பாவாயி. கெளம்பு, டாக்டர்கிட்ட நானும் வாரேன்."

அந்த நான்கும் இன்னும் டப்பாவில்தான் இருக்கின்றன. அவை பாப்பா சாப்பிட வேண்டியவை.

இப்படிக்கு,
பாப்பா அம்மா