பதினேழாவது விண்மீன்

மாமனையே மடக்கிய மருமகளே,

உன் ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பாமல் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறாய் என்று உன் அம்மா போட்டுக் கொடுத்துவிட்டாள். "மாமா பேரு கெட்டுடும்மா" என்றாயாமே! அண்டசராசரமும் நடுங்கும் என் பெயர், போயும் போயும் ஒரு குள்ள விண்மீன் மண்டலத்தாலா கெடும்?

அந்த மண்டலத்தில் ஒளி மாறும் விண்மீன்கள் அறுபதைக் கண்டுபிடித்த மகான் நான்தான். பதினேழாவது, முப்பத்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை கூடிக் குறைவதாக எழுதினேன். பதினான்கு மணி நேரம்தான் என்கிறாய் நீ. பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். நீ சொல்வதே சரி. தினமும் ஏழு மணிக்கு ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு ஓடினால், இடையில் அது போட்ட ஆட்டம் எனக்கெப்படித் தெரியும்?

தொலைநோக்கி விடியும்வரை என் ஆட்சியில்தான் இருந்தது. ஆனால் எட்டு மணிக்கு வீட்டில் ஒரு வாண்டு, "மாமா வந்து கதை சொன்னாத்தான் சாப்பிடுவேன்" என்று ஊரைக் கூட்டும்.

நாளைக்கே அனுப்பு. 'தினமும் ஒரே நேரத்தில் பார்த்ததால் வந்த பிழை' என்று தைரியமாக எழுது. ஏன் ஒரே நேரம் என்று எவனாவது கேட்டால், மாமாவுக்குப் பிரபஞ்சத்தைவிட அவசர வேலை இருந்தது என்று சொல்.

மீதி ஐம்பத்தொன்பதில் கை வைத்தால் மட்டும் போர்தான்.

இப்படிக்கு,
அதே பிழையை இன்னொரு முறையும் செய்யக்கூடிய
உன் மாமா