இரண்டாம் தரம் கேட்காத சம்பந்தி

மார்ச் 6, வெள்ளி
மழை. வேலைக்கு லீவு. விடியலிலிருந்து அடுப்படி: வடை, கட்லட், இறால் பொரியல், கோழிக்கறி, புட்டு. மகள் துளசியும் மருமகனும் சுவீடனிலிருந்து. கூடவே மருமகனின் தாய் இங்ரிட், ஜேர்மனியில் எங்கள் ஹம் நகருக்கு முதல் தடவை.

துளசிக்கு ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. பேற்றுக்கு நான் அங்கே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தியக்கறி யார் வைப்பது? ஆனால் அவர்களாகக் கூப்பிடட்டும். கேட்டு வாங்கிப் போக நான் என்ன அகதியா? (அது போன தரம், ஜேர்மனிக்கு வந்தபோது.)

இங்ரிட் ஒரேயொரு வடை. பிறகு "நைன், டாங்க", வேண்டாம், நன்றியாம். நான் விடவில்லை, இன்னும் இரண்டு வைத்தேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து, "மனிசி பயந்துபோச்சு, விடும்." என் வடைக்கா பயம்!

சனி
இங்ரிட் தங்கியிருக்கும் வாடகை வீட்டில் மூன்று மணிக்கு "ஃபீக்கா". கோப்பி, கறுவாப்பட்டை போட்ட பணிஸ், கதை. அவர்கள் ஊரில் வேலையைப் போட்டுவிட்டும் இதற்கு உட்காருவார்களாம். நாங்கள் விருந்து என்று நினைத்து மத்தியானம் சாப்பிடாமல் போனோம்.

பணிஸ் தட்டு வந்தது. வழக்கம்போல "நைன், நைன்" என்றேன். தட்டு அப்படியே அடுத்த ஆளிடம் போய்விட்டது. திரும்பி வரவேயில்லை.

பிறகு இங்ரிட் ஜேர்மனில் கேட்டார்: பிள்ளை பிறக்கும்போது எங்கள் வீட்டில் வந்து நிற்கிறீர்களா? எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாழாய்ப்போன வாய் மட்டும், "ஐயோ வேண்டாம், உங்களுக்கேன் கரைச்சல்" என்றது.

"சரி" என்றார். இன்னும் கோப்பி வேண்டுமா என்று இரண்டாம் தரம் கேட்டார். இதற்குக் கேட்கவில்லை.

வரும் வழியில் வீட்டுக்காரருக்குக் கடையில் டோனர் ரொட்டி. எனக்கு ஆத்திரத்தில் பசியில்லை.

ஞாயிறு
துளசி கண் கலங்கி வந்தாள். "அம்மா, நீங்கள் வரமாட்டன் எண்டிட்டீங்களாம். மாமி தன்ர தங்கச்சியைக் கேக்கப் போறா."

"நான் எப்ப வரமாட்டன் எண்டனான்?"

"வேண்டாம் எண்டனீங்கள்தானே? அவை ஒருக்காத்தான் கேப்பினம். வேண்டாம் எண்டா வேண்டாம்தான். திரும்பக் கேட்டா கரைச்சல் குடுக்கிறமாதிரி."

"நாங்கள் பூனையையும் ரெண்டு தரம் கூப்பிட்டுத்தான் சோறு வைப்பம்!"

"அப்ப நீங்களே சொல்லுங்கோவன்."

"ஏலாது."

சம்பந்தியிடம் போய்க் கெஞ்சுவதா? சட்டிகளைத் தேய்த்தேன். பிரிட்ஜ் நிறைய வடை. இரவு துளசியின் கால் வீங்கியிருந்தது, எண்ணெய் பூசிவிட்டேன். அங்கே யார் பூசுவார்கள்?

திங்கள்
வெயில், ஆனால் குளிர். அவர்களை வழியனுப்ப ஸ்டேஷன். ரயில் தாமதம், வேறென்ன. இங்ரிட் பையிலிருந்து பணிஸ் டப்பாவை எடுத்தார். இங்கேயும் ஃபீக்கா!

கடைசியில் ஒரு பணிஸ் மிஞ்சியது. ஒருவரும் முழுதாக எடுக்கவில்லை. மருமகன் பாதி பிய்த்தான். துளசி மிச்சத்தில் பாதி. கடைசித் துண்டை எடுப்பது அங்கே வெட்கமாம். ஓகோ, அவர்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது.

அந்தத் துண்டை இங்ரிட் என்னிடம் நீட்டினார். "நைன்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

ரயில் வருவது தெரிந்தது. "சனிக்கிழமை என்னிடம் கேட்டதை இன்னொரு தரம் கேளுங்கள்" என்றேன், ஜேர்மனில். இங்ரிட் முழித்தார். பிறகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டார்.

அவர் முடிக்க முன்னமே சொல்லிவிட்டேன். "ஓம், ஓம்." தமிழில்.