இரண்டே இருக்கை

ஷார்ஜா, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஷீலாவுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். உன் இருமல் நின்றதா? கல்லலில் மழை உண்டா?

விலைக்கு வந்திருப்பதாகப் போனில் சொன்னேனே, அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை நேற்று ஓட்டிப் பார்த்தேன். "ரெண்டே சீட்டு வண்டியில யாரை ஏத்திக்கிட்டுப் போகப் போறீக?" என்று நீகூடக் கேட்டாயே.

வண்டியைக் கிளப்புமுன் நம் வீட்டுப் பழக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். வெளியே நின்ற வண்டிக்காரர் பயந்துபோய் என் லைசென்ஸை இன்னொரு முறை வாங்கிப் பார்த்தார்!

வண்டி அருமையாக ஓடியது. ஆனால் நீ பின்னிக் கொடுத்த ஒயர்கூடையைச் சாப்பாட்டோடு பக்கத்து இருக்கையில் வைத்திருந்தேன். அதை ஆள் என்று நினைத்து, பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்திக்கொண்டே வந்தது. ஓரமாக நிறுத்திக் கூடைக்குப் பெல்ட் மாட்டினேன். பிறகு நானும் கூடையுமாக ஒரு சுற்றுப் போய்வந்தோம்.

வண்டிக்காரரிடம் இன்னும் முடிவு சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஸ்ரீதர் பதினைந்து நாளில் திரும்புவான். அவனிடம் மணத்தக்காளி வத்தல் கொடுத்தனுப்பு. விசாவுக்கு உன் போட்டோ நான்கும் வேண்டும். நீ வருவதாக இருந்தால் வாங்குகிறேன். இல்லையென்றால் எனக்கும் கூடைக்கும் பஸ்ஸே போதும்.

ஸ்ரீதருக்கு ஏர்போர்ட் போக டாக்சி வந்துவிட்டது.

உன்
சகாய ஆண்டனி